மாவு ஏன் மேலே ஏறுகிறது?

ஒரு தம்ளர் தண்ணீரைக் கரண்டியால் வேகமாகச் சுழற்றுங்கள். நீர் ஓரத்துக்கு ஒதுங்கும். நடுவில் பள்ளம் விழும். ரொட்டி மாவு பிசையும் மின் இயந்திரத்திலோ நேர்மாறாக நடக்கிறது. கொக்கி சுழலச் சுழல, மாவு ஓரத்துக்குப் போகாமல் கொக்கியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது! இதற்குக் காரணம் என்ன?

கோதுமை மாவில் கிளியாடின், குளூட்டெனின் என்னும் இரு வகைப் புரதங்கள் உள்ளன. நீர் விட்டுப் பிசையும்போது இவை பிணைந்து, குளூட்டன் என்னும் வலையாகின்றன. கிளியாடின் மாவுக்கு நீளும் தன்மையைத் தருகிறது. குளூட்டெனின் மீளும் தன்மையைத் தருகிறது. ஆகவே பிசைந்த மாவு பாதி திரவம், பாதி ரப்பர் எனலாம். கொக்கி சுழலும்போது இந்த வலை அதைச் சுற்றி இழுபடுகிறது. விரலில் மாட்டிய ரப்பர் வளையம் விரலை இறுக்குவது போல, மாவும் கொக்கியை இறுக்குகிறது. உள்நோக்கி நெருக்கப்பட்ட மாவு மேலே பிதுங்குகிறது. 1940-களில் இதை விளக்கிய அறிஞரின் பெயரால் இது 'வைசன்பெர்க் விளைவு' எனப்படுகிறது.

கோளைப் போன்ற கொக்கி

கொக்கி ஒரே இடத்தில் நின்று சுழன்றால் பாத்திரத்தின் ஓரத்து மாவு பிசைபடாது. எனவே 1919-இல் வெளிவந்த கிச்சன்எய்ட் போன்ற இயந்திரங்களில், கொக்கி தன்னைத்தானே சுற்றிக்கொண்டே பாத்திரத்தையும் வலம் வருகிறது. அசையாத பல்வளையம் ஒன்றின் உட்புறமாக, கொக்கியின் தண்டிலுள்ள சிறு பற்சக்கரம் உருண்டு செல்வதே இதன் சூட்சுமம். பூமி சூரியனைச் சுற்றுவது போலத்தான். ஆனால் ஒரு வேறுபாடு. பூமியின் இரு சுழற்சிகளும் ஒரே திசையில் அமைந்தவை. கொக்கியின் இரு சுழற்சிகளோ எதிரெதிர்த் திசையில் அமைந்தவை.

வேலை வெப்பமாகிறது

மோட்டார் செய்யும் வேலை எங்கே போகிறது? பெரும்பகுதி உராய்வினால் வெப்பமாகிறது. 1 கிலோ மாவுக்குள் வினாடிக்கு 50 ஜூல் வீதம் 10 நிமிடம் செல்வதாகக் கொள்வோம். மொத்தம் 50 × 600 = 30,000 ஜூல். மாவின் வெப்ப எண் கிலோவுக்கு ஏறத்தாழ 2,800 ஜூல். எனவே வெப்பநிலை சுமார் 11 டிகிரி உயரும். 28 டிகிரியில் தொடங்கிய மாவு 39 டிகிரியை எட்டிவிடும். அப்போது ஈஸ்ட் அவசரமாகப் பொங்கும். ரொட்டியின் சுவை கெடும். ரொட்டி செய்பவர்கள் பெரும்பாலும் 24 முதல் 27 டிகிரி வரையிலான மாவையே விரும்புகிறார்கள்.

இதற்கு என்ன வழி? 1 கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் தேவை. ஆகவே ஊற்றும் நீரில் 90 கிராமுக்குப் பதிலாகப் பனிக்கட்டி சேர்த்தால், அது உருகும்போதே அந்த 30,000 ஜூலையும் விழுங்கிவிடும்!

செய்து பாருங்கள்

ஒரு எலுமிச்சை அளவு சப்பாத்தி மாவை நன்றாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு கிண்ணம் நீருக்குள் வைத்து மெல்லக் கசக்குங்கள். ஸ்டார்ச் வெள்ளையாகக் கரைந்து போகும். நீரை மாற்றி மாற்றிக் கழுவினால், கடைசியில் ரப்பர் போன்ற ஒரு பொருள் கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன். அதை இழுத்து விடுங்கள். கொக்கியில் மாவு ஏறும் காரணம் உங்கள் விரல்களுக்கே புரியும். அரிசி மாவிலும் இதைச் செய்து பார்த்து, என்ன மிஞ்சுகிறது என்று கவனியுங்கள்.