கறுப்புப் பொடிக்குக் காசில்லை

வாளையாறு சோதனைச்சாவடி தாண்டி பாலக்காடு போகும் வழியில்தான் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. பக்கத்தில், பாலக்காடு மாவட்டத்தின் புதுச்சேரியில் புதிய தொழில் நகரத்துக்கு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பழைய செல்போன், லேப்டாப் பேட்டரிகளிலிருந்து லித்தியம், கோபால்ட் பிரிக்கும் ஆலையை இப்பகுதியில் தொடங்க நினைப்பவருக்கு அரசு என்ன தரும்?

அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேர்வான ஆலைகள் முதலீட்டில் 30 சதவீதம் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம். இந்தியாவின் வழி வேறு: நேரடி மானியம். 2025 செப்டம்பர் 3 அன்று இதற்கான 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அமைச்சரவை இசைந்தது.

குறித்த காலத்துக்குள் உற்பத்தி தொடங்கினால் இயந்திரச் செலவில் 20 சதவீதம் கிடைக்கும், தாமதித்தால் குறையும். நடைமுறைச் செலவுக்கான மானியமோ கூடுதல் விற்பனையைக் காட்டினால்தான். அதிலும் 40 சதவீதம் இரண்டாம் ஆண்டில், மீதி ஐந்தாம் ஆண்டில். அதுவரை கையில் பணம் வேண்டும் என்பதைச் சிறு முதலாளிகள் கவனிப்பது நல்லது. மொத்த மானியத்துக்கு உச்சவரம்பு பெரிய நிறுவனத்துக்கு 50 கோடி, சிறியதற்கு 25 கோடி. நிதியில் மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய நிறுவனங்களுக்கே.

ஒரு நிபந்தனை கறாரானது. பேட்டரியை நொறுக்கிக் கறுப்புப் பொடியாக்கி விற்பதோடு நிறுத்துபவருக்கு மானியம் இல்லை; கனிமத்தையே பிரித்தெடுக்க வேண்டும். சரியான நிபந்தனைதான். மதிப்பெல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்தில்தானே இருக்கிறது? ஆனால் அமிலமும் கழிவுநீரும் வருவதும் அங்கேதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியை முன்கூட்டியே வாங்காதவர், உற்பத்திக் கெடுவைத் தவறவிட்டு மானியத்தில் ஒரு பகுதியை இழக்கக்கூடும்.