தும்பறை மலைக் காட்டுக்கு ஒரு பயணம்

பன்வில, மடுல்கலை, ஹூலுகங்கை பகுதிகளில் வாழும் எம்மவர்களுக்கு அந்த மலை புதியதல்ல. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து தலை நிமிர்ந்தால் தெரிவது அதுதான். மூடிய கையின் முட்டிக் கணுக்களைப் போலத் தெரிந்ததால் ஆங்கிலேய நில அளவையாளர்கள் அதற்கு 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டார்கள். சிங்கள மக்கள் 'தும்பற கந்துவெட்டிய' என்கிறார்கள். தினமும் பார்க்கிற மலையாக இருந்தும், அதன் காட்டுக்குள் போய் வந்தவர்கள் எம்மில் மிகச் சிலரே. அங்கே உற்பத்தியாகும் நீர் எங்கே போகிறது, அந்தக் காட்டை ஏன் அரசாங்கம் காவல் காக்கிறது என்பதை அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

இந்தக் குறையைத் தீர்க்கவே ஒரு நாள் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்தோம். மண்சரிவினால் லயங்களை விட்டு வெளியேறிய பன்வில பகுதிக் குடும்பங்களும், யுத்த காலத்தில் பலமுறை இடம்பெயர்ந்து மீண்ட மூதூர்ப் பகுதி விவசாயக் குடும்பங்கள் சிலவும் இதில் சேர்ந்துகொண்டன. மலையில் வாழ்பவர்களும் ஆற்றின் கடைசியில் வாழ்பவர்களும் ஒரே பஸ்ஸில் போகவேண்டும் என்பதே எமது விருப்பம்.

போகும் பாதை

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். வத்தேகமைக்கு இறங்கி, மெனிக்கின்ன, திகன வழியாக மகியங்கனை வீதியைப் பிடித்தோம். சிறிது தூரத்தில் விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணில் பட்டது. 122 மீற்றர் உயரமான அணைக்கட்டு இது; 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. அந்த நீருக்கடியில் பழைய தெல்தெனிய நகரமும் அதைச் சுற்றியிருந்த வயல்களும் கிடக்கின்றன. அங்கு வாழ்ந்த குடும்பங்களில் சில கீழ்நாட்டு மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போயின. சில அருகிலேயே மேட்டு நிலங்களில் குடியமர்ந்தன. தமிழர்களுக்கு மட்டுமே வந்த துன்பம் இடப்பெயர்வு என்று நினைத்திருந்த எமது பிள்ளைகள், சிங்கள விவசாயக் குடும்பங்களும் வீட்டையும் வயலையும் விட்டுப் போன கதையை இங்கே கேட்டார்கள்.

மெதமகாநுவரவைத் தாண்டினோம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரியில் பிடிபட்டது இந்தப் பக்கத்தில்தான். பிறகு வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தான். ஹுன்னஸ்கிரியவில் பிரதான வீதியை விட்டு இடப்பக்கம் திரும்பி லூல்வத்தை நோக்கி ஏறினோம். பாதை ஒடுங்கியது. தேயிலை குறைந்தது. கைவிடப்பட்ட மலைகளில் மானாப்புல்லும் பைனஸ் மரமும் நின்றன. டீன்ஸ்டனில் வனத் திணைக்களத்தின் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. அங்கே விபரம் சொல்லி அனுமதி பெற்றே காட்டுக்குள் நுழையவேண்டும்.

பலரும் இதைத் தேசிய பூங்கா என்று சொல்கிறார்கள். சட்டப்படி இது 2000ஆம் ஆண்டில் பிரகடனப்படுத்தப்பட்ட 'பாதுகாப்பு வனம்'. மத்திய மலைநாட்டின் ஹோட்டன் சமவெளியோ 1988இல் தேசிய பூங்கா என்ற தகுதியைப் பெற்றது. இவ்விரண்டையும் சிவனொளிபாத மலைக் காட்டையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

காட்டுக்குள் கண்டவை

உள்ளே நுழைந்ததும் முதலில் வரவேற்றவை அட்டைகள். கால்களில் சவர்க்காரம் பூசிக்கொண்டவர்கள் ஓரளவு தப்பினார்கள். மற்றவர்கள் குதித்துக் குதித்து நடந்தார்கள்.

மலை உச்சிப் பக்கம் மரங்கள் குட்டையாக, காற்றுக்கு வளைந்து நிற்கின்றன. கிளையெல்லாம் பாசி. வெயில் அடிக்கும் நேரத்திலும் பாசியிலிருந்து நீர் சொட்டுகிறது. மழை பெய்யாத நாளிலும் இது நடக்கும். பனிமூட்டம் மரத்தில் மோதும்போது, பாசியும் இலையும் அந்த ஈரத்தைப் பிடித்து நிலத்துக்கு இறக்குகின்றன. நிலத்தில் பல வருட இலைகள் உக்கி மெத்தை போலக் கிடக்கின்றன. பெருமழையின் வேகத்தை அந்த மெத்தை தணித்து, நீரைக் குடித்து வைத்து, மழையில்லாத மாதங்களில் ஊற்றாக விடுகிறது.

மூக்கில் இலை போன்ற தகடு உள்ள ஓணான் ஒன்று இந்த மலைத்தொடரில் இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. பிள்ளைகள் அதைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆனால் ஏலக்காய்ச் செடிகள் எங்கும் கண்ணில் பட்டன. ஒரு காலத்தில் இந்தக் காடு ஏலச் செய்கைக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. ஏலத்துக்கு நிழல் தேவை என்பதால் பெரிய மரங்களை விட்டுவைத்து, கீழே முளைத்த கன்றுகளை வெட்டி அகற்றினார்கள். ஏலக்காயை உலர்த்தவும் காட்டு விறகே எரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் காடு நிற்பது போலிருக்கும். கிட்ட வந்தால், கிழட்டு மரங்களுக்கு வாரிசு இல்லை. இதனாலேயே பின்னர் காட்டுக்குள் ஏலச் செய்கை தடை செய்யப்பட்டது. ஏலத்தை நம்பி வாழ்ந்த அடிவாரக் கிராமத்து மக்கள் அதனால் பட்ட கஷ்டத்தையும் மறந்துவிட முடியாது.

கோபெட்ஸ் கெப் என்னும் கணவாயில் நின்றபோது காற்று ஆளைத் தள்ளியது. கீழே மீமுரேப் பள்ளத்தாக்கும் அதன் வயல்களும் தெரிந்தன. மூதூரிலிருந்து வந்த ஐயா ஒருவர், "இந்தத் தண்ணிதானோ எங்கட வயலுக்கு வாறது?" என்று கேட்டார்.

ஆம், அதுதான். பன்வில பக்கத்துச் சரிவின் நீர் ஹூலுகங்கையாக விக்டோரியாவில் சேர்ந்து மகாவலியோடு போகிறது. வடகிழக்குச் சரிவின் நீர் களுகங்கையாக (களுத்துறையில் ஓடுவது வேறு ஆறு) அம்பன் கங்கையைச் சேர்ந்து, பொலன்னறுவைப் பக்கம் மகாவலியுடன் கலக்கிறது. மகாவலியின் கடைசிக் கிளைகள் வெருகலிலும் கொட்டியாரக்குடாவிலும் கடலில் விழுகின்றன. 2006 ஜூலையில் மாவிலாறு மதகு மூடப்பட்டதையும், அதன்பின் மூதூரிலிருந்து தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் ஓடியதையும் அந்த ஐயா மறக்கவில்லை. அந்த மதகில் வந்து நின்ற தண்ணீரின் ஒரு பங்கு இந்தப் பாசியில் சொட்டியது என்று சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார்.

ஒரு நியாயமான கேள்வி

சாப்பாட்டுப் பொதிகளைப் பிரித்த நேரத்தில் தோட்டத்துப் பெரியம்மா ஒருவர் மனதில் இருந்ததைக் கேட்டார்: "சாமி, இம்புட்டு நெலம் சும்மா கெடக்குது. வீடு இல்லாத நமக்கு ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தா என்னங்க?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஐந்தாறு தலைமுறையாக மலையைத் திருத்தியவர்களுக்கு ஒரு வீட்டுத்தோட்டம் சொந்தமில்லை. அண்மைக் காலத்தில்தான் 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சே வந்தது. அதுவும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.

ஆனாலும் அந்தக் காடு எமக்கு ஏற்ற காணி அல்ல என்பதே எமது பதில். கோப்பிக்காகக் காடு அழிந்த காலத்திலேயே, 1873இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின்படி 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாமல் விடவேண்டும் என்று முடிவாயிற்று. இலாபமே குறியாக வந்த ஆட்சிக்கே, உச்சியை மொட்டையாக்கினால் கீழே தோட்டமும் நிற்காது என்பது புரிந்திருந்தது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் பட்ட அடி மிகப் பெரியது. காடு இருந்தால் மண்சரிவே வராது என்று நாம் சொல்லவில்லை. அளவு கடந்த மழைக்குக் காட்டுச் சரிவும் விழும். ஆனால் வேர் பிடிக்காத, வடிகால் அடைபட்ட, வெட்டி நிமிர்த்திய சரிவு முதலில் விழும். அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் எமது வீடுதான்.

எனவே கேட்கவேண்டிய நிலம் வேறு. காட்டுக்குக் கீழே, கைவிடப்பட்டுப் புல் மண்டிய தேயிலை மலைகள் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் நிறைய உண்டு. அவற்றில் சரிவு குறைந்த, பாதுகாப்பானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் பகுதிகளை உறுதிப் பத்திரத்தோடு தரும்படி கேட்பது எமது உரிமை.

வீடு திரும்பிச் செய்யவேண்டியவை

முதலாவது, காணிக் கோரிக்கையைத் தனித்தனியாக வாயால் சொல்லித் திரியாமல், குடும்ப விபரங்களோடு கூட்டாக எழுதி, கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, பிரதி ஒன்றில் கையொப்பமும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இருக்கிற துண்டு நிலத்தின் மண்ணைக் காப்பாற்றுங்கள். பிலிப்பீன்ஸ் நாட்டின் மின்டனாவோ தீவில் 1970களில் வளர்ந்த முறை ஒன்று எமது மலைகளுக்கும் பொருந்தும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், கிளிரிசீடியா போன்ற செடிகளை நெருக்கமாக இரட்டை வரிசையில் நட்டு, இரண்டு வேலிகளுக்கிடையே பயிர் செய்வதே அது. வெட்டிய தழை பசளையாகும், ஆட்டுக்குத் தீனியாகும். ஓடிவரும் மண் வேலியில் தங்கி, சில வருடங்களில் தானாகவே படிக்கட்டாகிவிடும்.

மூன்றாவது, மழைக்காலத்தில் விழிப்பாக இருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் கவனம். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம். 150 தாண்டினால் உடனே வெளியேற்றம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிப்பது இதைத்தான். அறிவிப்பு வராவிட்டாலும், நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய அல்லது வற்றிய ஊற்று, மூட முடியாமல் இறுகிய கதவு ஆகியவற்றைக் கண்டால் பொருட்களைப் பாராமல் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

இந்தப் பயணத்தை மற்ற ஊர்க் குடும்பங்களும் செய்யவேண்டும் என்பது எமது ஆசை. போகுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். பொலித்தீனை மலையில் போட்டுவிட்டு வராதீர்கள். முடிந்தால் ஆற்றின் மறுமுனையில் வாழும் ஒரு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேலே இருப்பவன் மரத்தை வெட்டினால் கீழே இருப்பவனின் வயல் காயும் என்பதை இருவரும் ஒரே இடத்தில் நின்று பார்த்தால், காணி கேட்கும்போதும் தண்ணீர் கேட்கும்போதும் ஒருவருக்காக மற்றவர் பேசுவார்கள்.