போட்லியன் நூலகத்தில் ஏடும் இடக்குறியும்

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துப் போட்லியன் நூலகத்தின் ஏட்டுப் பட்டியைப் புரட்டும் மாணவர்க்கு முதலில் திகைப்பு உண்டாதல் இயல்பே. சாசர் இயற்றிய காண்டர்பரிக் கதைகளின் கையெழுத்துப் படிகள் ஆங்குப் பல உள. ஆனால் அவை ஓரிடத்தில் தொகுக்கப்படவில்லை. ஒன்று பார்லோ 20 எனவும், ஒன்று போட்லி 686 எனவும், ஒன்று லாட் பல்வகை 600 எனவும், ஒன்று ராலின்சன் செய்யுள் 223 எனவும் குறி பெற்று வெவ்வேறு தொகுதிகளில் நிற்கின்றன. ஒரே நூலின் படிகளை இவ்வாறு பிரித்து வைத்தல் ஒழுங்கின்மையோ எனின், அன்று. அது வேறோர் ஒழுங்கு. ஏடு எப்பொருளைக் கூறுகின்றது என்பதை விட, அஃது எவ்வழி வந்தது என்பதையே அவ்வொழுங்கு முதன்மையாகப் போற்றுகின்றது. அதன் காரணமும் பயனும் ஈண்டு ஆராயப்படும்.

தொடக்கத்தில் அந்நூலகம் பொருள்வழியே அமைந்திருந்தது. ஹம்பிரி கோமகன் அளித்த ஏடுகளுக்கென எழுந்த கூடம் 1488-இல் திறக்கப்பட்டது. சமயப் பூசலால் 1550-இல் அதன் நூல்கள் அகற்றப்பட்டன. வெறுமையுற்ற அக்கூடத்தைத் தாமஸ் போட்லி என்பார் தம் பொருட்செலவிற் புதுப்பித்து 1602-இல் மீண்டும் திறந்தார். சமயம், சட்டம், மருத்துவம், கலை என நால்வகையாக நூல்கள் பகுக்கப்பட்டன. பெருநூல்கள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டன; சிறுநூல்கள் பூட்டி வைக்கப்பட்டன. முதல் நூலகரான தாமஸ் ஜேம்ஸ் தொகுத்த பட்டி 1605-இல் அச்சாயிற்று.

பின்னர்ப் பெருங்கொடைகள் வந்தன. பேராயர் வில்லியம் லாட் 1635 முதல் 1640 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்து ஏடுகளை வழங்கினார். ரிச்சர்டு ராலின்சன் தேடித் திரட்டிய ஏடுகள் 1755-இல் அவர்தம் விருப்ப ஆவணத்தின்படி வந்து சேர்ந்தன. இவற்றைப் பொருள்வாரியாகக் கலந்துவிடாமல், கொடையாளர் பெயராலேயே தனித்தனித் தொகுதிகளாக நூலகத்தார் நிறுத்தினர். ஒரு தொகுதியினுள் மொழியாலோ பொருளாலோ உட்பிரிவு செய்தல் உண்டு. தொகுதியின் எல்லை மட்டும் அழிக்கப்படுவதில்லை. ஆகவே இடக்குறியின் முதற்சொல்லைக் கண்ட அளவிலேயே அவ்வேடு யார் கையிலிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் அறியலாம்.

பிற்காலத்து வரவுகளுக்கு மற்றொரு முறை வகுக்கப்பட்டது. ஜேன் ஆஸ்டின் இளமையில் எழுதிய கதைகளின் ஏடு ஒன்று ‘டான். ஈ. 7’ எனக் குறிக்கப்பெறும். முதற்பகுதி அது கொடையாக வந்தது என்பதையும், நடுவெழுத்து ஏட்டின் அளவையும், எண் அதன் வரிசையையும் உணர்த்தும். பேரேடு ‘ஏ’ என்னும் எழுத்தையும் சிற்றேடு ‘ஜி’ என்னும் எழுத்தையும் பெறும். ஒத்த அளவினவற்றை ஒருங்கே வைப்பதால் இடம் மிச்சமாகும். பெருநூலின் பக்கத்தே சிறுநூல் நின்று வளைதலும் நேராது.

அங்ஙனமாயின், பொருளைத் தேடுவார்க்கு வழி யாது? அப்பணி பட்டியினுடையது. பால்கனர் மேடன் முதலியோர் தொகுத்த சுருக்கப் பட்டி 1895 முதல் 1953 வரை பல தொகுதிகளாக வெளிவந்தது. ஏடுகள் வந்த காலமுறையைத் தழுவி அஃது ஒவ்வோர் ஏட்டுக்கும் ஓர் எண் தருகின்றது. சொல்லடைவு பொருளைக் காட்டுகின்றது. ஒரு நூல் அலமாரியில் ஓரிடத்தில்தான் நிற்க இயலும். பட்டியிலோ பத்துத் தலைப்பின்கீழ் நிற்கலாம். இன்று கணினிப் பட்டி அவ்வசதியைப் பெருக்கியுள்ளது. எனினும் அதற்கும் இடக்குறியே வேர்.

வந்த வழியைக் காத்தலின் பயனை அச்சு நூல் ஒன்றன் வரலாறு இனிது விளக்கும். 1610-இல் செய்த உடன்படிக்கையின்படி இலண்டன் அச்சு நூல் வணிகர் சங்கத்தார் புதிய நூல்களைப் போட்லியனுக்கு அளித்து வந்தனர். அவ்வகையில் 1623-இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதற் பெருந்தொகுப்பும் வந்தது. வைல்டுகூஸ் என்னும் ஆக்ஸ்போர்டு நூற்கட்டாளரிடம் அது 1624-இல் கட்டுக்கு அனுப்பப்பட்ட செய்தி நூலகக் குறிப்பில் உளது. மூன்றாம் பதிப்பு 1664-ஐ ஒட்டிக் கிடைத்தபின், பழம்பிரதி மிகையெனக் கருதப்பட்டு வெளியேறியது.

இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்டு, 1905-இல், டர்பட் என்னும் மாணவர் தம் குடும்பத்து நூல் ஒன்றை ஆராயுமாறு அங்கே கொணர்ந்தார். நூற்கட்டுகளை நன்கறிந்த ஸ்டிரிக்லண்டு கிப்சன் அதன் கட்டினைக் கொண்டே அது போட்லியனின் பழம்பிரதி எனத் தெளிந்தார். சங்கிலி பிணித்த தழும்பும் அட்டையில் இருந்தது. பொதுமக்கள் நன்கொடையுடன் 3,000 பவுன் ஈந்து 1906-இல் நூலகம் அதை மீட்டது. எந்நாடகத்தின் பக்கங்கள் மிகவும் தேய்ந்துள்ளன என்பதும் ஆராய்வார்க்குச் சான்றாயிற்று: ரோமியோ ஜூலியட்டை அக்கால மாணவர் பெரிதும் விரும்பிப் பயின்றனர் என்பது அத்தேய்வால் விளங்குகின்றது. அந்நூலை எவரேனும் அழகுற மறுகட்டுச் செய்திருப்பின் கட்டும் தழும்பும் ஒருங்கே அழிந்திருக்கும். நாடகங்கள் எஞ்சியிருக்கும், வரலாறு எஞ்சியிராது.

இவ்வுண்மை நமக்குப் புறம்பானதன்று. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில், தாம் ஒப்புநோக்கிய சுவடிகள் எவ்வூரில் யாரிடமிருந்து கிடைத்தன என்பதை வரையறுத்துக் கூறியுள்ளார். அவர் போற்றியதும் வந்த வழியே. நம் ஓலைச்சுவடிக் கட்டுகளில் இலக்கியமும் மருத்துவமும் சோதிடமும் ஒரே கயிற்றாற் கோக்கப்பட்டிருத்தலைக் காண்கிறோம். பொருள்வாரியாக அடுக்கக் கருதி அக்கயிற்றை அவிழ்ப்போமாயின், அவற்றை ஒருங்கே பயின்ற ஒருவரது கல்வியின் அடையாளத்தை அழித்தவராவோம்.

ஆய்வேடு எழுதும் மாணவர்க்கும் இதனாற் பெறப்படும் கடமை ஒன்று உண்டு. ‘ஒரு பழஞ்சுவடியிற் கண்ட பாடம்’ என்று எழுதி அமைதல் சான்றாகாது; அதனைப் பிறர் சென்று காண இயலாது. நூலகம், தொகுதி, எண், ஓலையின் பக்கம் ஆகிய நான்கும் குறிக்கப்படல் வேண்டும். நூலகத்தார் எண்ணை மாற்ற நேரிடின், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்புப் பட்டி ஒன்று அமைத்தல் வேண்டும். இல்லையேல் முந்தை ஆராய்ச்சியாளர் காட்டிய மேற்கோள்கள் அனைத்தும் முகவரி இழந்த மடல்களாகிவிடும். சுவடி செல்லரிக்காமற் காத்தல் பணியின் பாதியே. அதன் குறி அழியாமற் காத்தல் மறுபாதி.