குத்திய ஊசி கைக்குள்ளேயே இருக்கா? ட்ரிப்ஸ் போடுறவங்க கவனத்துக்கு...

சென்னை:
கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் 1,000 படுக்கைகளுடன் கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி 2023 ஜூன் 15-ந்தேதி திறக்கப்பட்டது. அதே வளாகத்தில் 2024 பிப்ரவரியில் முதியோர் நல ஆஸ்பத்திரியும் வந்தது. இங்கே மட்டுமல்ல, எந்த ஆஸ்பத்திரி வார்டிலும் நோயாளிகள் கையில் கலர் மூடி போட்ட ஒரு சின்னக் குழாயைப் பார்க்கலாம். அதுதான் கேனுலா. நம்மாளுங்க ஒரு பிராண்டு பேரை வைத்து 'வென்ஃப்ளான்' என்கிறார்கள்.

"ஊசி உள்ளேயே இருக்கு, அசைச்சா குத்தும்" என்று பயந்து ராத்திரி பூரா தூங்காமல் கிடப்பவர்கள் உண்டு. உண்மை வேறு. குத்திய உடனே நர்சு ஊசியை உருவி எடுத்து விடுவார். ரத்தக்குழாய்க்குள் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான்.

ஒரு காலத்தில் இரும்பு ஊசியே உள்ளே இருந்தது. கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டுவார்கள். 1950-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர் டேவிட் மாசா, ஊசி மேல் பிளாஸ்டிக் குழாயைச் சொருகினார். நோயாளி கைக்கு விடுதலை!

கலர் எதுக்கு?

அழகுக்கு இல்லை, சைசுக்கு. மஞ்சள் (24) மெல்லிசு, குழந்தைகளுக்கு. அடுத்து நீலம் (22), பிங்க் (20), பச்சை (18). விபத்து, பெரிய ஆபரேஷன் என்றால் சாம்பல் (16), ஆரஞ்சு (14). நம்பர் குறையக் குறைய குழாய் தடிமன். மெல்லிசுக் குழாயில் ட்ரிப்ஸ் மெதுவாத்தான் இறங்கும். பக்கத்து பெட்காரருக்கு சீக்கிரம் முடிந்ததே என்று நர்சிடம் சண்டைக்குப் போகாதீங்க.

வாயைத் திறந்து சொல்லுங்க

சாப்பிடும் கையில் வேண்டாம், மடங்கும் இடத்தில் வேண்டாம் என்று முதலிலேயே கேட்கலாம். முடிந்தால் மாற்றிப் போடுவார்கள். டயாலிசிசுக்காக ஆபரேஷன் செய்த கை என்றால் கட்டாயம் சொல்லணும். அந்தக் கையில் குத்தவே கூடாது.

போட்ட இடம் வலிக்குதா, சிவந்து வீங்குதா, பிளாஸ்திரி நனையுதா? உடனே நர்சைக் கூப்பிடுங்க. "திட்டுவாங்களோ" என்று பொறுத்துக்கொள்வதில்தான் ஆபத்து. மருந்து வெளியே கசிந்தால் சதை புண்ணாகும், கிருமி உள்ளே போகலாம். மூணு நாள் ஆகணும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. போட்ட அன்றைக்கே தொல்லை கொடுத்தாலும் எடுத்துவிட்டு வேறு இடத்தில் போடுவார்கள்.

பாட்டில் காலியாகி டியூபில் ரத்தம் ஏறினால் பதற வேண்டாம். நீங்களே உருளையைத் திருகாமல் நர்சைக் கூப்பிடுங்க.

குழாயை எடுத்த பிறகு பஞ்சை வைத்து ரெண்டு மூணு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. தேய்ச்சா ரத்தம் கட்டிக்கும்.