பசி எங்கே போனது?

ரோம் நகரத்தில், நவோனா சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து. மொத்தமே பத்து மேசைகள்தான் இருந்த அந்த உணவகத்தில், வெள்ளைத் துணி விரித்த மேசை, நடுவில் ஒரு மெழுகுவத்தி, எதிரே அவர். கருத்தரங்கின் கடைசி நாள் அது. காலையிலிருந்து ஒரு காபியைத் தவிர நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. நியாயப்படி கொலைப்பசி எடுத்திருக்க வேண்டும்.

வெயிட்டர் ஒரு தள்ளுவண்டியில் வண்டிச்சக்கரம் போன்ற முழு சீஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். நடுவில் குடைந்திருந்த குழிக்குள் ஆவி பறக்கும் பாஸ்தாவைக் கொட்டினார். இரண்டு கரண்டிகளால் புரட்டிப் புரட்டி, கருமிளகை இடித்துத் தூவி, கூடு கட்டியது போல இரண்டு தட்டுகளில் சுருட்டி வைத்தார். காச்சோ எ பெப்பே. சீஸும் மிளகும் என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள். வாசனை ஆளைத் தூக்கியது. முள்கரண்டியில் ஒரு சுற்று சுற்றி வாயில் வைத்தேன். இறங்கவில்லை.

"ஏன், பிடிக்கலையா?" என்றார் அவர்.

"சேச்சே, நல்லாத்தான் இருக்கு. நீங்க சாப்பிடுங்க."

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு வாயை விழுங்க இரண்டு மடக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. ஏழெட்டு மாதமாக மனசுக்குள் வைத்திருந்த மனிதர், முதல் முறையாகத் தனியாக எதிரில் உட்கார்ந்திருக்கிறார். இப்போதைய பிள்ளைகள் 'கிரஷ்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். பசி எங்கே போனது என்ற கேள்வி மட்டும் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்போம். ஆசை வந்தால் வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பதாகச் சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்தது. இரைப்பையைக் கேட்டால் அதற்கு இந்த வேறுபாடு தெரியாது. புளியோ பட்டாம்பூச்சியோ, உள்ளே நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான்.

அதை எக்ஸ் கதிர் வழியாகக் கண்ணால் பார்த்தவர் வால்டர் கேனன். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த 1897 வாக்கில், ஹார்வர்டில் அவர் ஒரு மருத்துவ மாணவர். பூனைக்கு வைக்கும் தீனியில் பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்து, அது இரைப்பைக்குள் எப்படி நகர்கிறது என்பதைக் கதிர்த்திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். இரைப்பைச் சுவரில் அலை அலையாகச் சுருக்கங்கள் ஓடின. திடீரென்று சில சமயம் எல்லாம் நின்றுபோயின. கருவியில் கோளாறில்லை. பூனை கலவரப்பட்டிருந்தது, அவ்வளவுதான். பூனை மிரண்டால் அலை நிற்கும். தடவிக்கொடுத்துச் சமாதானப்படுத்தினால் மறுபடி ஓடும். செரிமானத்தைப் பார்க்க உட்கார்ந்த மாணவர், உணர்ச்சியைப் பார்த்துவிட்டார். பின்னாளில் 'சண்டையிடு அல்லது ஓடு' என்று உலகமே சொல்லும் உடலியல் கருத்தை அவர் வகுத்ததற்கு வித்து அந்தப் பூனையின் வயிற்றில்தான் விழுந்தது. வலி, பசி, பயம், கோபம் ஆகியவற்றில் உடல் கொள்ளும் மாற்றங்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1915இல் வந்தது.

மேசைக்கு முன்னால் என் உடம்பில் நடந்தது அதேதான். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது. வயிற்றுக்குப் போக வேண்டிய ரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. இரைப்பையின் அலைகள் அடங்குகின்றன. உமிழ்நீர் குறைந்து, இருப்பதும் பிசுபிசுத்துப் போகிறது. குடலின் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் இருக்கின்றன. அங்கிருந்து மூளைக்கு ஓடும் வேகஸ் நரம்பில் பத்துக்கு எட்டு இழைகள் கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. வயிறு நின்றுவிட்டது என்ற தகவல் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. 'ஏதோ பண்ணுகிறது' என்று நாம் அடிவயிற்றைத் தொட்டுக்கொள்வது வெறும் கற்பனை இல்லை.

மதுரைப் பக்கத்து மனிதர் ஒருவர் சிரித்தபடி எதிரே உட்கார்ந்திருக்கிறார். இதில் சண்டையிட என்ன, ஓட என்ன?

இதற்கு இத்தாலியிலிருந்தே ஒரு பதில் உண்டு. பீசா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் தொனத்தெல்லா மராத்சித்தி 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். காதல் வயப்பட்டு ஆறு மாதம்கூட ஆகாதவர்கள் 20 பேர், ஓசிடி என்கிற எண்ணச்சுழல் நோயாளிகள் 20 பேர், இரண்டிலும் சேராதவர்கள் 20 பேர். மூன்று குழுக்களின் ரத்தத் தட்டணுக்களிலும் செரட்டோனினை உள்ளே எடுத்துச் செல்லும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். காதலர்களிடமும் நோயாளிகளிடமும் அது ஒரே போலக் குறைந்திருந்தது. கதவைப் பூட்டினோமா என்று பத்து முறை திரும்பிப் பார்ப்பவரின் ரத்தமும், 'ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டேன்' என்ற ஒரு வரிக் குறுஞ்செய்தியைப் பத்து முறை படிப்பவரின் ரத்தமும் அந்தச் சோதனைக் குழாயில் ஒன்றாகத் தெரிந்தன. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே குழுவினர் புதுக் காதலர்களின் ரத்தத்தில் மனஅழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் கூடியிருப்பதைக் காட்டினார்கள். சிறிய ஆய்வுகள்தான். இதை வைத்துக் காதலை நோய்ப் பட்டியலில் சேர்ப்பது தவறு. ஆனால் விருப்பம் முளைக்கும் காலத்தை உடல் ஒரு நெருக்கடியாகவே நடத்துகிறது என்பதை அவை சொல்கின்றன.

மூளை வேறொன்றும் செய்கிறது. 2005இல் ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஏரன், லூசி பிரவுன் ஆகியோர், தீவிரமாகக் காதலித்துக்கொண்டிருந்த 17 பேரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து, அவரவர் மனதுக்குப் பிடித்தவரின் படத்தைக் காட்டினார்கள். நடுமூளையில் டோபமின் சுரக்கும் பகுதி துலங்கியது. வேண்டியதைத் தேடிப் போக நம்மை உந்தும் இடம் அது. ஒரு பக்கம் 'போ, போ' என்கிறது, மறுபக்கம் 'ஆபத்து' என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டு பாஸ்தா என்ன செய்யும்?

ஆர்தர் ஏரனின் பெயர் இன்னொரு புகழ்பெற்ற ஆய்விலும் வரும். கனடாவின் வான்கூவர் அருகே கேப்பிலானோ தொங்குபாலம், ஆற்றுக்கு மேலே சுமார் 70 மீட்டர் உயரத்தில் ஆடிக்கொண்டிருப்பது. அதைக் கடந்துவந்த இளைஞர்களை ஒரு பெண் நிறுத்திச் சில கேள்விகள் கேட்டு, தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அவரை அழைத்தார்கள். ஆடாத தாழ்வான பாலத்தில் அதே எண்ணை வாங்கிய 16 பேரில் அழைத்தவர்கள் 2 பேர். டொனால்ட் டட்டனும் ஏரனும் 1974இல் வெளியிட்ட முடிவு இது. உயரம் கிளப்பிய படபடப்பை அந்த இளைஞர்கள் எதிரில் நின்ற பெண்ணின் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம். படிக்கத் தெரியாத மெனு அட்டை, எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்ற குழப்பம், குனிந்து நிற்கும் வெயிட்டர் என்று அன்று எனக்கும் ஒரு தொங்குபாலம் இருந்தது. என் படபடப்பு முழுவதையும் அவர் கணக்கிலேயே எழுதினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மெழுகுவத்திக்கும் ஒரு பங்கு உண்டு. மங்கிய வெளிச்சத்தில் கண்ணின் பாவை விரியும். பிடித்தவரைப் பார்க்கும்போதும் விரியும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் எக்ஹார்ட் ஹெஸ் 1960களில் ஒரே பெண்ணின் ஒரே புகைப்படத்தை, பாவையை மட்டும் ஒன்றில் பெரிதாகவும் மற்றதில் சிறிதாகவும் திருத்தி ஆண்களிடம் காட்டினார். பாவை பெரிதாக இருந்த படத்தைப் பார்த்தபோது அவர்களுடைய கண்களும் கூடுதலாக விரிந்தன. படங்களுக்குள் என்ன வேறுபாடு என்று பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதை ஆய்வுக்கூடம் வருவதற்கு முன்பே இத்தாலியப் பெண்கள் அறிந்திருந்தார்கள். ஒரு நச்சுச் செடியின் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டால் பாவை அகலும். அழகிய பெண் என்ற பொருளில் அந்தச் செடிக்கு பெல்லடோனா என்றே பெயர். கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைப்பார்களே, அந்த மருந்தும் இதே வேலையைச் செய்வதுதான். பெல்லடோனாவின் அட்ரோபின், உடலை அமைதிப்படுத்தும் நரம்புகளின் பேச்சு செல்களை எட்டவிடாமல் தடுக்கிறது. ஆகவே பாவை விரிகிறது, வாய் உலர்கிறது, இதயம் ஓடுகிறது, குடல் அசைவு குறைகிறது. இந்தப் பட்டியலை முதல் முறை மருந்தியல் நூலில் படித்தபோது ரோமின் அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது. ஒரு சொட்டுச் சாறும் இல்லாமல் நான்கும் எனக்கு நடந்திருந்தன.

தட்டுக்கு வருவோம். காச்சோ எ பெப்பேயில் பாஸ்தா, செம்மறி ஆட்டுப்பாலில் செய்த பெக்கொரீனோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த நீர் இவைதான் இருக்கும். வெண்ணெய் இல்லை, பாலேடு இல்லை. கேட்க எளிது, கைக்கு வருவது கடினம். சூடு ஏறிவிட்டால் சீஸின் புரதம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, பால் திரிந்தது போலக் கட்டி கட்டியாகிவிடும். இத்தாலிய இயற்பியலாளர்கள் எட்டுப் பேர் இதைக் கையிலெடுத்து 2025இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். அதே ஆண்டு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் பெற்றார்கள். சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து கலந்திருந்தால் கட்டி தட்டாது, 1 சதவீதத்துக்குக் கீழே போனால் திரிந்துவிடும் என்பது அவர்கள் அளந்து சொன்னது. மாவுச்சத்து புரதத் துணுக்குகளுக்கு இடையில் புகுந்து அவற்றை ஒட்டவிடாமல் வைக்கிறது. வடிகஞ்சியின் அருமை தெரிந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. அவர்கள் தந்த அளவு இருவருக்கானது: 160 கிராம் சீஸுக்கு 4 கிராம் மாவுச்சத்து.

அந்த மிளகைப் பற்றி ஒரு வார்த்தை. முசிறிக்குப் பொன்னோடு வந்த யவனர் கப்பல்கள் மிளகோடு திரும்பியதை அகநானூறு பதிந்து வைத்திருக்கிறது. இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு வெளியேறுகிறதே என்று முதல் நூற்றாண்டில் வருந்தியவர் ரோமின் பிளினி. நம் கரையிலிருந்து போன பண்டம், இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அந்த ஊரின் தட்டில் கமகமக்கிறது. அன்று அதைச் சொல்லித்தான் நான் பேச்சையே ஆரம்பித்தேன். அவர் முசிறித் துறைமுகம், கேரளத்துப் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வு என்று உற்சாகமாகத் தொடர்ந்தார். அவர் பேசப் பேச என் தட்டில் பாஸ்தா ஆறிக்கொண்டிருந்தது. ஆறினால் கொழுப்பு உறையும், மாவுச்சத்து இறுகும், பளபளப்பு போய்விடும்.

என் கவலையோ வேறு. துப்பட்டாவில் ஒரு சொட்டு தெறித்திருந்தது. மாலை முழுவதும் அதைக் கைக்குட்டையால் மறைத்தபடியே இருந்தேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வை அன்று நான் படித்திருந்தால் கையை எடுத்திருப்பேன். பாடகர் ஒருவரின் முகம் பெரிதாக அச்சிட்ட, வெட்கப்பட வைக்கும் டி-சட்டையை மாணவர்களுக்குப் போட்டுவிட்டு ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். இருப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள் சட்டை போட்டவர்கள். கவனித்தவர்கள் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான். நம் மீது விழுவதாக நாம் நினைக்கும் வெளிச்சத்தில் பாதி நம் கையில் இருக்கும் விளக்கிலிருந்து வருகிறது.

என் மனதுக்கு மிக நெருக்கமானது 2022இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. எலிஷ்கா ப்ரொகாஸ்கோவாவும் குழுவினரும் விழாக்களில் ஒரு சிறு அறை அமைத்து, முன்பின் தெரியாத ஆணையும் பெண்ணையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். கண் எங்கே போகிறது, இதயம் எப்படித் துடிக்கிறது, தோலில் வியர்வை எப்படி மாறுகிறது என்று எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். யாருக்கு யாரைப் பிடித்தது என்பதைப் புன்னகையும் சிரிப்பும் பார்வையும் சொல்லவில்லை. இருவரின் இதயத்துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியதோ, தோலின் மாற்றங்கள் ஒத்துப் போனதோ, அங்கேதான் ஈர்ப்பு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உடம்பும் உடம்பும் தாளம் சேர்கின்றன. 2018இல் எரிகா பூத்பியின் குழு கண்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். புதியவர் இருவர் பேசி முடித்த பிறகு, மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை ஒவ்வொருவரும் உண்மையில் இருப்பதைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பேசியதில் எங்கே தடுமாறினோம் என்ற நம்முடைய சொந்தக் கணக்கே காதை அடைத்துவிடுவதால், எதிராளி தரும் சைகைகள் விழுவதில்லை.

எனக்கும் விழவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து வெயிட்டர் வந்து, சாப்பாட்டில் ஏதேனும் குறையா என்று கவலையோடு கேட்டார். அவர் என் தட்டை எடுத்தபோது கூச்சமாக இருந்தது. பிறகு எதிரே இருந்த தட்டை எடுத்தார். அப்போதுதான் அதைப் பார்த்தேன். கூடு கட்டியது போன்ற சுருள் அப்படியே இருந்தது. மேலே சீஸ் வெள்ளையாக இறுகி, மிளகு அதில் புதைந்து கிடந்தது. ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் முள்கரண்டி சுற்றிய தடம்.

வெளியே குளிர். ஆற்றங்கரை வரை பேசிக்கொண்டே நடந்தோம். மெல்ல மூச்சு சீரானது, வாயில் ஈரம் திரும்பியது. பாலத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கடையில் பீட்சாவை வெட்டி எடை போட்டு விற்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் தக்காளி பூசிய சதுரங்கள் சூடாக இருந்தன. அவர் நின்றார்.

"உங்களுக்கும் பசிக்குதா?" என்றார்.