முகப்பரு: ஒரு மருத்துவ, சமூக நோக்கு

யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கண்டி வீதியும் கடனீரேரியும் அணைத்துக் கிடக்கும் ஊர் அரியாலை. பதினாறு வயதுப் பிள்ளையின் முகத்திற் பரு தோன்றுமிடத்து, யாழ்ப்பாணத்தின் பிற ஊர்களிற் போலவே, இங்கும் பெரும்பாலும் கூறப்படும் காரணங்கள் இரண்டு: ஒன்று உடற்சூடு; மற்றையது அழுக்கு. காரணம் பிழைத்தாற் பரிகாரமும் பிழைத்துவிடும். அழுக்கென்று கருதுவோர் நாளுக்குப் பன்முறை சவர்க்காரமிட்டுத் தேய்ப்பர். பரு அடங்குவதில்லை, தோல்தான் புண்படுகின்றது.

உண்மையில் நிகழ்வது யாது? பூப்புப் பருவத்திற் பெருகும் அந்திரோசன் ஓமோன்கள் தோலின் நெய்ச்சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மிகுதியாகச் சுரக்கும் நெய்யும், உதிரும் தோற்கலங்களும் ஒன்றுசேர்ந்து மயிர்க்குழியின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட குழியினுள், இயல்பாகவே தோலில் வாழும் ஒருவகைப் பற்றீரியா பெருக, அழற்சி உண்டாகின்றது. கரும்புள்ளியின் கருமைகூட அழுக்கன்று; தோலின் நிறப்பொருளும் காற்றுப்பட்டு மாறிய நெய்யுமே அது.

இனி உணவு. பப்புவா நியூகினியைச் சேர்ந்த கித்தாவாத் தீவில் 1200 பேரைப் பரிசோதித்த ஆய்வாளர்கள், அவர்களுள் ஒருவரிடத்தேனும் முகப்பருவைக் காணவில்லையென 2002ஆம் ஆண்டில் எழுதினர். அம்மக்களின் உணவு கிழங்கு, பழம், மீன், தேங்காய் என்பன. ஒடியற்கூழும் மீனும் அறிந்த நமது கரையோரத்துக்கு இது அந்நியமான உணவன்று. தேங்காயின்மீது பழிசுமத்துவோரும் இதனைக் கவனித்தல் நன்று. பரம்பரையின் பங்கை அவ்வாய்வு முற்றாக விலக்கிவிடவில்லை எனினும், சீனியும் வெள்ளை மாவும் குருதியில் இன்சுலினை உயர்த்தி, அதன்வழி நெய்ச்சுரப்பைக் கூட்டுகின்றன என்பதற்குப் பிற சான்றுகளும் உள. போத்தற் பானமும் பாண்கடைப் பணிசும் நாளாந்த உணவாகிவிட்ட சூழலில் இது சிந்தித்தற்குரியது.

பருவினும் கொடியது அதனைச் சூழ்ந்த வாணிபம். மணமகளுக்கு வெண்ணிறத்தையே இலட்சணமாகக் கொள்ளும் சமூகத்தில், பரு ஆறியபின் எஞ்சும் கருந்தழும்பு பெண்பிள்ளைக்குப் பெரும் மனச்சுமையாகின்றது. அச்சுமையை முதலாக்கியே வெண்மைப் பூச்சுக்கள் விற்கப்படுகின்றன. இவற்றுட் பலவற்றில் பாதரசமோ வலிய ஸ்ரெறொயிட்டோ கலந்திருத்தல் பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. 2013ஆம் ஆண்டின் மினமாத்தா உடன்படிக்கை பாதரசம் சேர்ந்த அழகுப் பொருள்களை விலக்குகின்றது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்ரெறொயிட்டு முதற் சில நாள்களிற் பருவை மறைத்துப் பின்னர் தோலை மெலிவித்துப் புதிய பருக்களைத் தோற்றுவிக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிவைத் தணிக்க மீண்டும் அதனையே வாங்குவர். விற்பவனுக்கு இதனினும் நல்ல வாடிக்கை ஏது?

முறையான சிகிச்சை எளியது. ஆயின் பொறுமை வேண்டுவது. நாளுக்கு இருமுறை மென்மையான கழுவல் போதும். பருவைக் கிள்ளலாகாது, தழும்புக்கு அதுவும் ஒரு காரணம். சாதாரண பருவுக்குப் பென்சோயில் பேரொட்சைட்டும், இரவிற் பூசும் அடபலீனும் பயன்தரும். எட்டு முதற் பன்னிரண்டு வாரங்கள் செல்லாமல் பலனை அளவிடலாகாது. நுண்ணுயிர்கொல்லியைத் தனியே நெடுநாள் பயன்படுத்தின், பற்றீரியா அதனை எதிர்க்கப் பழகிவிடும். ஆழ்ந்த கட்டிகளும் குழித்தழும்பும் தோன்றின் தோல்நோய் வைத்தியரை நாடுதல் வேண்டும். அவர் கொடுக்கக்கூடிய ஐசோதிரெற்றினோயின் வலிய மருந்து. கருவுக்குப் பெருங்கேடு விளைப்பது. ஆதலின், கருத்தரிக்கக்கூடிய பெண்கள் வைத்தியரின் கண்காணிப்பின்றி அதனை உட்கொள்ளலாகாது. பிறருக்கு எழுதிக்கொடுத்த மருந்தைப் பகிர்ந்துகொள்ளலும் ஆகாது.