ஆரஞ்சுப்பழம் மூழ்குமா, மிதக்குமா? பிள்ளைகளோடு அப்பா-அம்மாவும் உட்கார வேண்டும்!

ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர், சுண்ணாம்பு பட்டதும் ரத்தச் சிவப்பாக மாறுகிறதே, ஏன்? 5 வயதுப் பிள்ளை இப்படிக் கேட்டால் பல வீடுகளில் கிடைக்கும் பதில், "சும்மா இருடா!" என்பதுதான்.

ஆனால் அந்தக் கேள்வியில் விஞ்ஞானமே அடங்கி இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள், காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல) பட்டால் சிவக்கும். புளிப்பு பட்டால் பழையபடி மஞ்சளாகி விடும்.

சோப்பு போதும்

வெள்ளைத் தாளில் மஞ்சளைக் கரைத்துத் தடவிக் காய வையுங்கள். சோப்புத் தண்ணீரைத் தொட்டுப் படம் போடச் சொல்லுங்கள். சிவப்புக் கோடு விழும். அதன்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு போயே போச்சு!

சுண்ணாம்பு மட்டும் பிள்ளைகள் கையில் வேண்டவே வேண்டாம். பாக்கெட்டை அழுத்தும்போது தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பொம்மைகளில் வரும் பட்டன் பேட்டரியும் அப்படித்தான். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அப்பா தோற்கட்டும்

ஒரு வாளித் தண்ணீர், 2 கமலா ஆரஞ்சு. ஒன்றைத் தோல் உரித்து விடுங்கள். எது மிதக்கும்? போடும் முன்பே வீட்டில் எல்லோரும் சொல்லிவிட வேண்டும். உரித்ததுதான் கனம் குறைவு, அதுதான் மிதக்கும் என்பார் அப்பா. நடப்பது நேர்மாறு! தோலில் காற்று இருப்பதால் தோலோடு போட்ட பழம் மிதக்கும், உரித்தது மூழ்கும். அப்பா தோற்றதில் பிள்ளைக்கு வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! விடையை முன்கூட்டியே சொல்லிவிட்டால் இது கிடைக்காது.

தீக்குச்சி என்ஜினீயர்

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர் அர்விந்த் குப்தா. லாரி கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, 1978-ல் மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத் பகுதிக் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். அங்கே தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூப்பையும் வைத்தே பாடம் நடத்தினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மருந்தைச் சுரண்டி எடுத்த தீக்குச்சிகளை வால்டியூப் துண்டுகளில் செருகிச் சதுரம் செய்தால் ஆடும். முக்கோணம் செய்தால் அசையாது. மின்சாரக் கோபுரங்களில் முக்கோணம் முக்கோணமாக இரும்பு வைத்திருப்பது இதற்காகத்தான். எலெக்ட்ரிக் ரெயிலில் போகும்போது ஜன்னல் வழியாகப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

1988-ல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பலர். உள்ளே போனதும் பிள்ளை விஞ்ஞானப் பொருட்களைப் பார்க்கிறது. அப்பா செல்போனைப் பார்க்கிறார். டிக்கெட் அவருக்கும் சேர்த்துத்தானே வாங்கியது?